அந்த வீடு இது இல்லை

பிப்ரவரி 6

புத்தகம் எழுதியவருக்கு,

உங்களுக்குப் போன் கிடையாது, மின்னஞ்சல் கிடையாது, தபால் போட்டால் கொடுக்கிறோம் என்று பதிப்பகத்தில் சொன்னார்கள். கடிதம் எழுதிப் பழக்கமில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் புத்தகத்தின் நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு வீடு வருகிறது. பச்சை இரும்பு கேட். பக்கவாட்டில் மாடிக்கு ஏறும் சுழல் படிக்கட்டு, அதில் மூன்றாவது படி மட்டும் வேறு இரும்பு. மொட்டைமாடியில் உருண்டைத் தண்ணீர்த் தொட்டி, அதன் பக்கத்தில் வளைந்துபோன ஆன்டெனா கம்பி. ‘மாடி அறை வாடகைக்கு’ என்று போர்டு மாட்டி, தனியாக அறை தேடி வந்த நான்கு பெண்களை ஒருவன் கொன்றது இந்த வீட்டில்தான் என்கிறீர்கள்.

அது என் வீடு. கட்டியது என் அப்பா. அந்த மூன்றாவது படி துருப்பிடித்து விழுந்தபோது கையில் கிடைத்த இரும்பை வைத்து வெல்டிங் அடித்ததும் அவர்தான். நான் பிறந்ததிலிருந்து இங்கேதான் இருக்கிறேன். மாடி அறையை நாங்கள் யாருக்கும் வாடகைக்கு விட்டதே இல்லை. அதில் பழைய சைக்கிளும் அட்டைப்பெட்டிகளும் கிடக்கின்றன. இந்த வீட்டில் நடந்த ஒரே சாவு அப்பாவுடையது, அதுவும் தூக்கத்தில்.

யாரோ அடையாளம் கண்டு, வீட்டின் போட்டோவை இணையத்தில் போட்டுவிட்டார்கள். சனி, ஞாயிறு ஆனால் உங்கள் வாசகர்கள் என் கேட்டுக்கு முன்னால் நிற்கிறார்கள். போன வாரம் ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் போட்டோ எடுக்க, மனைவி பயந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். சரியாக வரவில்லை என்று இன்னொரு தடவை பயந்தார். பிறகு ஒரு பெரியவர், “தம்பி, பாத்ரூம்ல டைல்ஸ் மாத்தினீங்களா?” என்று கேட்டார். ஏன் சார் என்றேன். “சும்மாதான். போலீஸ் சரியா பாக்கலைன்னு எனக்கு ஒரு எண்ணம்.” கொலைகாரன் பிடிபட்டு, ஜெயிலிலேயே செத்தும் ஆகிவிட்டது. இவருக்கு இன்னும் விசாரணை முடியவில்லை. கல்லூரிப் பையன் ஒருவன் சாவியால் கேட்டின் பெயின்ட்டைச் சுரண்டி டிஷ்யூ பேப்பரில் மடித்தான். கையைப் பிடித்தேன். “சாரி ப்ரோ, கலெக்‌ஷனுக்கு” என்றான்.

இதையெல்லாம் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் என் அம்மா, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிறாள். ஒன்பது குழந்தைகள் இருந்தார்கள். போன புதன்கிழமை ஒரு பெண் சுற்றுச்சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, உள்ளே விளையாடிக்கொண்டிருந்த நாலு வயதுப் பாப்பாவிடம், “உங்க மாடியில யாராவது அழுவாங்களா?” என்று கேட்டிருக்கிறாள். பாப்பா வீட்டில் போய்ச் சொல்லிவிட்டது. மறுநாள் அதன் அப்பா வந்து பையைத் தூக்கிக்கொண்டு போனார். அவர் மற்றவர்களிடம் சொன்னார். இப்போது இரண்டே குழந்தைகள். அம்மா மட்டும் ஒன்பது தலையணையையும் எடுத்து வெயிலில் காயவைத்துக்கொண்டிருக்கிறாள்.

எந்த வீடு என்று உண்மையைச் சொல்லி ஒரு மறுப்பு வெளியிடுங்கள். உடனே.

பச்சை கேட் வீட்டுக்காரன்


பிப்ரவரி 15

தம்பிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மன்னிப்புக் கேட்கிறேன். அது உங்களுக்கு எதற்கும் உதவாது என்றும் தெரியும்.

நடந்தது இதுதான். அந்த வழக்கு நடந்தபோது நான் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்தேன். சாட்சிகள் சொன்னதெல்லாம் என் கை வழியாகத்தான் போனது. பதினேழு வருடம் கழித்து எழுத உட்கார்ந்தபோது ஒன்றில் மட்டும் உறுதியாக இருந்தேன்: உண்மையான வீட்டைக் காட்டக் கூடாது. அங்கே இப்போது வேறு குடும்பம் இருக்கிறது. அவர்களுக்கு எதுவும் தெரியாது. அதனால் அந்த வீட்டின் முகத்தை எடுத்துவிட்டு வேறொரு முகத்தை வைத்தேன்.

உங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு பஸ் நிறுத்தம் இருக்கிறதல்லவா? கொஞ்ச காலம் வேலை முடிந்து அங்கேதான் பஸ்ஸுக்கு நிற்பேன். அந்தக் கேட், அந்தப் படிக்கட்டு, கொடியில் வரிசையாகக் காயும் சின்னச் சின்ன ஜட்டிகள். கெட்டது எதுவும் நடக்கவே முடியாத வீடு என்று தோன்றும். நாளெல்லாம் அந்தச் சாட்சியங்களைக் கேட்டுவிட்டு வருகிறவளுக்கு அதைப் பார்ப்பது ஆறுதல். எழுதும்போது வேறு வீடு மனதில் வரவில்லை. ஜட்டிகளை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை அப்படியே எழுதிவிட்டேன். எந்த ஊர் என்றுகூட நான் எழுதவில்லை. யாரும் கண்டுபிடிப்பார்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை.

கேட்டுக்கு வேறு நிறம் அடித்தால் வருகிறவர்கள் குழம்புவார்களா? என் செலவில் செய்து தருகிறேன்.

உண்மையான வீடு எது என்பதை மட்டும் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
எழுதியவள்


பிப்ரவரி 21

மேடம்,

தம்பி என்று கூப்பிட வேண்டாம். நான் உங்களுக்குத் தம்பி இல்லை.

கேட்டுக்குப் பெயின்ட் அடிக்க வேண்டுமாம். தப்புச் செய்தது நீங்கள், வேஷம் மாற்ற வேண்டியது என் வீடா? கொடியில் காய்ந்த சட்டையை எடுத்து ஒரு கொலைகாரனுக்குப் போட்டுவிட்டிருக்கிறீர்கள். இப்போது சட்டைக்காரன் போய்ச் சட்டைக்குச் சாயம் போட வேண்டும் என்கிறீர்கள்.

இந்த வீடு இல்லை என்று நான் வருகிறவர்களிடம் சொல்லாமல் இருக்கிறேனா? “அப்படித்தான் சொல்வாங்க” என்கிறார்கள். நான் கோபப்பட்டால், “பாத்தியா, கோபம் வருது” என்று ஒருவருக்கொருவர் கண்ணைக் காட்டிக்கொள்கிறார்கள். அம்மா வேறு, “வெயில்ல நிக்கிறாங்கடா, பாவம்” என்று தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். அதை வாங்கிக் குடிப்பதா வேண்டாமா என்று அவர்கள் யோசிப்பதைப் பார்க்க வேண்டுமே.

நான் லிஃப்ட் பராமரிப்பு வேலை பார்க்கிறவன். கட்டடம் என்றால் கொஞ்சம் தெரியும். உங்கள் புத்தகத்தில் வீட்டின் வெளிப்பக்கம் என்னுடையது, உள்பக்கம் இன்னொருவருடையது. சரக்கு ரயில் போகும்போது மாடி அறையின் ஜன்னல் கண்ணாடி அதிரும் என்று எழுதியிருக்கிறீர்கள். என் வீட்டில் காதைத் தீட்டி வைத்துக்கொண்டாலும் ரயில் சத்தம் கேட்காது. மோட்டார் போடாமலே மாடிக்குத் தண்ணீர் ஏறும் என்கிறீர்கள். எங்கள் தெரு மேட்டில் இருக்கிறது. கீழ்க் குழாய்க்கே தண்ணீர் ஏறி வர யோசிக்கும். ஜன்னலில் பள்ளிக்கூட மணிக்கூண்டு தெரிகிறதாம். என் மாடியில் நின்றால் எதிர்வீட்டுக்காரரின் முதுகுதான் தெரியும்.

ஆக, சாட்சிகள் சொன்னதை நீங்கள் மாற்றவில்லை. ரயில் பாதை ஓரம், தண்ணீர் தானாக ஏறும் பள்ளமான பகுதி, மணிக்கூண்டு பார்வையில். நீங்கள் சொல்லாவிட்டால் நானே கண்டுபிடித்துவிடுவேன். பிறகு என் கேட்டில் ஒரு போர்டு மாட்டுவேன், அம்புக்குறி போட்டு.

பச்சை கேட்


மார்ச் 1

தம்பி,

அப்படித்தான் கூப்பிடுவேன். எனக்கு வேறு எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

இதோடு ஒரு கடிதம் இருக்கிறது. உங்கள் அம்மாவிடம் குழந்தைகளை விட்டிருந்த பெற்றோருக்கு எழுதியது. வழக்கில் சுருக்கெழுத்தாளராக இருந்தவள் என்ற முறையில், இந்த வீட்டுக்கும் வழக்குக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சந்தேகம் இருந்தால் பதிப்பகத்தில் கேட்கலாம் என்றும் எழுதியிருக்கிறேன். வாசகர்கள் நம்பமாட்டார்கள், பெற்றோர் நம்பக்கூடும். அவர்கள் நம்பத்தான் விரும்புவார்கள்.

என் கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி நிறைய வாசகர் கடிதங்கள் இருக்கின்றன. அவன் சின்ன வயதில் அடி வாங்கினானா என்று கேட்கிறார்கள். நீதிமன்றத்தில் என்னை எப்போதாவது பார்த்தானா, பார்த்தபோது எப்படி இருந்தது என்று கேட்கிறார்கள். அந்தப் பெண்கள் தனியாக ஏன் போனார்கள், எனக்கு அப்போதே தெரிந்திருக்கும், நானாக இருந்தால் வாசலிலேயே திரும்பியிருப்பேன் என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். பெண்கள்தான் அதிகம். அவர்கள் பயத்தில்தான் அப்படிச் சொல்கிறார்கள், எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த வரிக்கு வரும்போதெல்லாம் கடிதத்தை மடித்துவிடுவேன்.

தயவுசெய்து தேடாதே. கண்டுபிடித்துவிட்டால் அதை உன்னால் தெரியாமல் ஆக்க முடியாது.

எழுதியவள்


மார்ச் 19

மேடம்,

கண்டுபிடித்துவிட்டேன்.

கஷ்டமே இல்லை. ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் லிஃப்டை மாதாமாதம் நான்தான் பார்க்கிறேன். மேலே மோட்டார் அறைக்குப் போய், கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். மணிக்கூண்டு எந்தப் பக்கம் என்று தெரிந்தது. பள்ளத்தில் மாடி வைத்த பழைய வீடுகள் மூன்றுதான். இரண்டின் ஜன்னல் ரயில் பாதையைப் பார்க்கவில்லை. வேலையை முடித்துவிட்டு, கருவிப் பையோடு நேராகப் போய் மூன்றாவது வீட்டு முன்னால் நின்றேன்.

எப்படி இருந்தது தெரியுமா? வெற்றி மாதிரி. ஒரு பழுதைக் கண்டுபிடித்தால் வரும் பாருங்கள், அது. போனை எடுத்து ஒரு படம் எடுத்தேன். என் அம்மாவின் ஏழு குழந்தைகளும் அந்தப் படத்துக்குள் இருப்பதாக நினைத்தேன்.

அப்போதுதான் போர்டைப் பார்த்தேன். மாடி அறை வாடகைக்கு.

கதவைத் திறந்துகொண்டு ஒரு அம்மா வந்தார். கையில் ஈரம், இடுப்பில் துடைத்தபடி. “ரூம் பாக்க வந்தீங்களா தம்பி? வாங்க வாங்க.” நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் முன்னால் படியேறினார். மூட்டு வலி போல, ஒவ்வொரு படியிலும் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினார். பேசிக்கொண்டே வந்தார். அவருடைய மாமனார் இருந்த அறையாம். போன வருடம் அவர் போன பிறகு சும்மா கிடக்கிறதாம். “நல்ல காத்து வரும். ரயில் சத்தம் ரெண்டு நாள்ல பழகிடும்.” பிறகு திரும்பி, ஏதோ பரிசு தருகிற மாதிரி, “தண்ணி இருபத்துநாலு மணி நேரமும் வரும்” என்றார்.

அந்த வரி உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. அவன் ஒவ்வொரு பெண்ணிடமும் சொன்ன வரி. அவனுடைய வாக்குமூலத்தில் இருந்து எடுத்ததாக நீங்களே அடிக்குறிப்புப் போட்டிருக்கிறீர்கள். இந்த அம்மாவுக்கு அது தெரியாது. அவருக்கு அது வெறும் தண்ணீர்.

அறையைக் காட்டினார். வெள்ளை அடித்திருந்தது. ஒரு கட்டில், சுவரில் காலண்டர் மாட்டின ஆணி. நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். சுவரைப் பார்த்தேன். கதவுக்கு இடதுபுறம், தரையிலிருந்து இரண்டு அடி உயரத்தில் பூச்சு வேறு மாதிரி இருக்கிறதா என்று பார்த்தேன். அங்கேதான் என்று புத்தகத்தில் இருந்ததால். குனிந்து பார்த்தேன், மேடம். அந்த அம்மா, “ஈரம் எல்லாம் இல்ல தம்பி, நல்லா தட்டிப் பாருங்க” என்றார். தட்டியும் பார்த்தேன்.

என் கேட்டைச் சுரண்டியவனின் கையைப் பிடித்தபோது எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அதை இப்போது யார்மேல் காட்டுவது?

யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். “பொண்ணுங்க யாராவது தங்கற மாதிரி இருந்தாலும் சொல்லுங்க. நாங்க பாத்துக்குவோம்” என்றார். தெருமுனைக்கு வந்ததும் படத்தை அழித்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தைப் பெற்றோர்களிடம் காட்டினேன். கோர்ட் என்ற வார்த்தைக்கு மதிப்பு இருக்கிறது. மூன்று குழந்தைகள் திரும்ப வந்திருக்கிறார்கள். நாலு பேர் வரவில்லை.

அம்புக்குறிப் போர்டு எழுதி வைத்திருந்தேன். அதைக் கவிழ்த்துப் போட்டு ஷூ வைத்திருக்கிறேன்.


மார்ச் 26

தம்பி,

நன்றி என்று எழுதினால் சின்ன வார்த்தையாக இருக்கும். எழுதாவிட்டாலும் தப்பு.

சுவரைப் பார்த்ததற்காக உன்னை ரொம்ப வதைத்துக்கொள்ளாதே. அந்தச் சுவரை அத்தனை விவரமாக எழுதியது நான். எத்தனை அடி உயரம் என்பது வரைக்கும் எழுதியிருக்கிறேன். படிக்கிறவனைக் குனிய வைத்தவளே நான்தானே? சாட்சியத்தில் இருந்தது, அதனால் உண்மை, அதனால் எழுதலாம் என்று நினைத்தேன். உன் கடிதத்துக்குப் பிறகு அந்தப் பக்கத்தை எடுத்துப் படித்தேன். அந்த விவரம் இல்லாமலே எல்லாம் புரிகிறது.

இரண்டாம் பதிப்பு கேட்கிறார்கள். என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். கேட்க நினைத்தேன்: உன் அம்மா இந்தப் புத்தகத்தைப் படித்தாரா?

எழுதியவள்


ஏப்ரல் 9

அக்கா,

“மேடமாம் மேடம். உன்னைத் தம்பின்னு எழுதறவங்கள ஒழுங்கா அக்கான்னு எழுது” என்று அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இனிமேல் அக்காதான்.

அம்மாவுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும், எழுத்துப் பொடியாக இருந்தால் தெரியாது. நான் வாசித்துக் காட்டினேன். மதியம் குழந்தைகள் தூங்கும் நேரத்தில், சத்தத்தைக் குறைத்து, நாலைந்து நாளாக. இப்படி ஒரு புத்தகத்தை இப்படி ஒரு இடத்தில் யாரும் வாசித்திருக்க மாட்டார்கள். ஒரு வாண்டு புரண்டு படுத்தால்கூட நான் நிறுத்திவிடுவேன்.

அம்மாவுக்கு அவன்மேல் எந்த ஆர்வமும் இல்லை. அவனுடைய இளமைக் காலம் என்று ஒரு அத்தியாயம் முழுக்க எழுதியிருக்கிறீர்களே, “அவன் கிடக்கான், தள்ளிப் படி” என்று சொல்லிவிட்டாள். எங்கள் வீடு வரும் பக்கத்தை வாசித்தபோது, “ஆமா, நம்ம கேட்டுதான். நல்லாத்தான் எழுதியிருக்கு அந்தப் பொண்ணு” என்றாள். கோபம் வரவேண்டியவளுக்கு வந்தது பெருமை.

மூன்றாவது பெண்ணின் இடத்தில் நிறுத்தினாள். ‘குழந்தையைப் பக்கத்து அறையில் விட்டுவிட்டு, ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லி அறை பார்க்கப் போனாள்.’ அந்த ஒரே வரிதான். அடுத்த வரியில் அவள் படியேறிவிடுகிறாள்.

“இரு இரு. கொழந்தைய யாருகிட்ட விட்டா?”

“பக்கத்து ரூம்ல.”

“பக்கத்து ரூம்ல யாரு?”

“போடலைம்மா.”

“எத்தனை வயசுக் கொழந்த? சாயங்காலம் வரைக்கும் வரலைன்னா அந்தப் பக்கத்து ரூம்காரி என்ன பண்ணா? ராத்திரி எங்க தூங்க வச்சா?”

“புத்தகத்துல இல்லம்மா. விடேன்.”

அம்மா விடவில்லை. முப்பது வருடமாக அடுத்தவர் குழந்தையை வாங்கி வைத்து, சாயங்காலம் திருப்பிக் கொடுக்கிறவள். கொஞ்சம் நேரமானாலே அவள் கேட் பக்கம் நூறு தடவை போவாள். “அப்ப எழுதினவங்களக் கேளு” என்றாள். மிச்சப் புத்தகத்தை வாசிக்க விடவில்லை. இதற்குப் பதில் தெரிந்த பிறகு மேலே போகலாமாம்.

கேட்டுவிட்டேன்.

இரண்டாம் பதிப்புக்கு ஒரு யோசனை. இதோடு ஒரு வரைபடம் வைத்திருக்கிறேன். நாற்பத்தோராம் பக்கத்தில் போட ஒரு வீடு. குழாயைவிடத் தாழ்ந்த இடத்தில் தொட்டி. வலப்புறமாகச் சுற்றி ஏறுகிற படிக்கட்டு இடப்புறக் கதவில் போய் முடிகிறது. மாடி அறையின் மூன்று சுவர்களிலும் ஜன்னல், நான்கிலும் அலமாரி. இந்த உலகத்தில் எந்தக் கொத்தனாராலும் கட்ட முடியாது, நான் உத்தரவாதம். எவனும் கண்டுபிடிக்க முடியாது.

தம்பி


ஏப்ரல் 24

தம்பி,

உன் வீட்டைப் பார்த்துச் சிரித்தேன். சிரித்து எத்தனையோ நாளாயிற்று. வரைபடத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

உன் அம்மாவின் கேள்விக்குப் பதில் எழுத ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். கடிதம் எழுதும் முன் ஒருத்தியின் அனுமதி கேட்க வேண்டியிருந்தது.

பக்கத்து அறையில் இருந்தது நான்.

பெண்கள் தங்கும் விடுதி அது. அவள் தன் மகளோடு எனக்கு அடுத்த அறையில் இருந்தாள். குழந்தையோடு அங்கே தொடர்ந்து இருக்க விடமாட்டேன் என்று விடுதிக்காரர் சொல்லிவிட்டதால்தான் வேறு அறை தேடினாள். எனக்கு அன்று விடுமுறை. பாப்பாவுக்கு மூன்று வயது. அறை பார்க்கப் போனவள் திரும்பி வரவில்லை. பாப்பாவின் அப்பா எங்கே என்று யாருக்கும் தெரியாது. தூரத்து உறவு ஒருவர் வந்து பார்த்துவிட்டு, அடுத்த வாரம் வந்து அழைத்துப் போகிறேன் என்றார். வரவில்லை. நான் முறைப்படி எழுதிக் கேட்டு என்னோடே வைத்துக்கொண்டேன். அந்த வழக்கில் எனக்குப் பதில் வேறு யாரையாவது போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவளுக்கு என்ன நடந்ததென்று ஒரு வார்த்தை விடாமல் தெரிந்த ஆள் ஒருத்தியாவது பாப்பாவின் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

பாப்பாவுக்கு இப்போது இருபத்திரண்டு. பல் ஆஸ்பத்திரி ஒன்றில் செயற்கைப் பல் செய்கிறாள். என்னைச் சித்தி என்பாள். என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியும். புத்தகத்தை அவளுக்காகத்தான் எழுதினேன். செய்தித்தாளில் வந்த கிறுக்கல்களை மட்டும் அவள் நம்பிவிடக் கூடாது என்று. ஆனால் அவள் படிக்கவில்லை. “எல்லாரும் படிச்சு முடிக்கட்டும் சித்தி. அப்புறம் படிக்கறேன்” என்றாள். எல்லாரும் எப்போது படித்து முடிப்பார்கள்?

பெட்டி நிறையக் கடிதங்கள் என்று சொன்னேனே. அவற்றில் ஒன்றில்கூடக் குழந்தை என்ன ஆனது என்ற கேள்வி இல்லை. ஒரு வரியில் எழுதிவிட்டு நகர்ந்தவள் நான். அதனால் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனாலும் உள்ளுக்குள் காத்திருந்திருக்கிறேன் போலிருக்கிறது. உன் கடிதத்தை அவளிடம் வாசித்துக் காட்டினேன். ராத்திரி எங்க தூங்க வச்சா என்ற இடத்தில் என்னை நிறுத்தச் சொன்னாள்.  பிறகு, “அந்த அம்மாவ நான் பாக்கணும்” என்றாள்.

எப்போது என்று சொல்லவில்லை. வந்தாலும் வருவாள். அவளாகச் சொல்லும்வரை யாரென்று கேட்காதே.

அக்கா


மே 12

அக்கா,

சொதப்பிவிட்டேன். முழுக்க நானேதான்.

சனிக்கிழமை. காலையிலிருந்து மூன்று கோஷ்டி வந்து போயாயிற்று. கடைசியாக வந்தவர் மொட்டைமாடி ஏறிப் பார்க்கலாமா என்று கேட்டார். நான் அவரை அனுப்பிய விதத்தை இங்கே எழுத முடியாது. அந்தச் சூட்டோடு திரும்பினால், பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பஸ் வந்தது, ஏறவில்லை. இன்னொன்று வந்தது, அதிலும் ஏறவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ரோட்டைக் கடந்துபோய், “என்ன, புத்தகம் படிச்சிட்டு வந்தீங்களா? எந்தப் பக்கத்துல நிக்கிறீங்க?” என்று கத்தினேன்.

அவள் என்னைப் பார்த்தாள். “இல்ல. நான் இன்னும் படிக்கல” என்றாள்.

அக்கா, ஒரு லிஃப்ட் கம்பி அறுந்து விழுந்தால் பிரேக் பிடிக்க வேண்டும். எனக்கு எங்கேயும் பிடிக்கவில்லை. அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அவள்தான், “நீங்கதான் அந்தக் கட்ட முடியாத வீட்ட வரைஞ்சவரா?” என்று கேட்டாள். தலையை ஆட்டினேன். “படிக்கட்டு நல்லா இருந்துச்சு” என்றாள்.

உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். அம்மா யார், என்ன என்று எதுவும் கேட்கவில்லை. கையில் இருந்த எட்டு மாதக் குழந்தையை அவளிடம் நீட்டி, “இத கொஞ்சம் புடிம்மா, பாலு பொங்குது” என்று உள்ளே போய்விட்டாள். அடுப்பில் பாலே இல்லை, நான் பார்த்தேன். அந்த வாண்டு இவளுடைய கம்மலைப் பிடித்து இழுத்தது. இவள் விடுவித்தாள். அது மறுபடியும் பிடித்தது.

பிறகு அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்து, “பின்னாடி குழாய் ஒழுகுது, போய்ப் பாரு” என்றாள். எந்தக் குழாயும் ஒழுகவில்லை. போனேன். சமையலறை ஜன்னல் வழியாகக் காதில் விழுந்ததை மட்டும் சொல்கிறேன். அம்மா அவனைப் பற்றிக் கேட்கவில்லை. வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை. அவளுடைய அம்மாவைப் பற்றியும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“அன்னிக்கு ரொம்ப அழுதியாடி கண்ணு?”

 அவள், “தெரியலைம்மா. எனக்கு ஞாபகம் இல்ல. சித்தியத்தான் கேக்கணும். இதுவரைக்கும் கேட்டதில்ல” என்றாள்.

சாயங்காலம் வரை இருந்தாள். பெற்றோர் ஒவ்வொருவராக வந்து குழந்தைகளை வாங்கிக்கொண்டு போவதைக் கேட் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிக் குழந்தை போகிறவரைக்கும் அவளும் கிளம்பவில்லை. போகும்போது அம்மா, “அடுத்த சனிக்கிழமையும் வா. இவன் கத்தினா என்கிட்ட சொல்லு” என்றாள்.

அவள் உங்களிடம் கேட்டாளா தெரியாது. அம்மா என்னைக் கேட்கச் சொல்கிறாள், அதனால் கேட்கிறேன். அன்றைக்கு அவள் அழுதாளா?

தம்பி


மே 20

தம்பி,

அவளும் கேட்டாள். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், வாசலிலேயே நின்று கேட்டாள். அவளிடம் சொன்னதையே உன் அம்மாவுக்கும் சொல்கிறேன்.

அழவில்லை. புதிதாகச் செருப்புப் போடக் கற்றிருந்தாள். அம்மா வந்ததும் காட்ட வேண்டும் என்று இரண்டையும் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இறக்கிவிடவா என்றால் வேண்டாம் என்றாள். கழற்றிவிடவா என்றாலும் வேண்டாம். இருட்டிய பிறகு உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். என் கட்டிலில் கிடத்தினேன். செருப்பைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. அழுதது நான்தான்.

இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போய்விட்டது. நாற்பத்தோராம் பக்கத்தில் வீடே இல்லை. உன்னுடையதும் இல்லை, அந்த அம்மாவுடையதும் இல்லை, நீ வரைந்ததும் இல்லை, மன்னித்துக்கொள். சுவரும் இல்லை. அந்த இடத்தில் ஒரு குழந்தை கால் மாற்றிய செருப்போடு உட்கார்ந்திருக்கிறது. அதை அப்படியே எழுதச் சொன்னது அவள்தான். அந்தப் பக்கத்தை மட்டும் படித்தும் பார்த்துவிட்டாள். ‘இடது செருப்பில் வார் அறுந்திருந்தது’ என்று எழுதியிருந்தேன். எது உண்மை, எது நீங்களா சேர்த்தது என்று கேட்டாள். வார் அறுந்திருந்ததா என்று எனக்கே நிச்சயமில்லை என்றேன். அப்படியானால் எடுத்துவிடுங்கள் என்றாள். எடுத்துவிட்டேன்.

பழைய பதிப்பு இன்னும் கைகளில் இருக்கிறது. கொஞ்ச காலம் உன் கேட்டுக்கு ஆள் வரத்தான் செய்யும். சனிக்கிழமை பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேர் நிற்பார்கள், அவளும் நானும். பார்த்துக் கத்து.

அக்கா